இடக்கைத் துவக்கும் நானல்லாத ஒருவரும்

1

போன சனிக்கிழமை ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் ஒரு தமிழ்க் கடையில் கொத்துரொட்டிக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒதுங்கி, "நீங்கள் முன்னுக்குப் போங்கோ அண்ணை" என்றார். அவருக்கு முன்னால் நின்றவரும் ஒதுங்கினார். கல்லாவில் நின்ற முதலாளி நான் நீட்டிய காசைக் கண்ணாலும் பார்க்கவில்லை.

"உங்களிட்ட நான் காசு வாங்கிறதோ? கொண்டு போங்கோ" என்று பொதியை இரண்டு கைகளாலும் தந்தார்.

முப்பது வருடமாகக் கனடாவின் இந்த நகரத்தில் இருக்கிறேன். எனக்கு எவரும் வழிவிட்டது கிடையாது. என் சொந்த மைத்துனன்கூட என் காரை மறித்துத்தான் தன் காரை நிறுத்துவான். சூடான பொதியை மடியில் வைத்துக்கொண்டு, கார்க் கதவுகளைப் பூட்டிவிட்டு உள்ளேயே இருந்தேன். பொதியைக் கடையிலேயே விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். ஆனால் பசி.

விஷயம் இதுதான். நான் ஊரில் ஆயுதம் தூக்கிய பழைய இயக்கக்காரன் என்று ஸ்காபரோவில் ஒரு கதை பரவியிருக்கிறது. சாதாரண ஆளும் இல்லையாம். குறி தவறாத இடக்கைக்காரராம்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் இப்போதே சிரிக்கத் தொடங்கியிருப்பீர்கள். என்னோடு படித்தவர்களுக்குத் தெரியும். ஹெலிச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்குள் முதல் ஆளாகப் பாய்ந்தவன் நான். எல்லோரும் வெளியே ஏறி, தேத்தண்ணி குடித்து, கோப்பையும் கழுவி வைத்த பிறகு, "முடிஞ்சுதோ?" என்று உள்ளேயிருந்து கேட்டவனும் நான்தான்.

சிரித்து முடித்தபின் என் பயத்தையும் கேளுங்கள். அகதியாக வந்து விசாரணை அறையில் உட்கார்ந்தபோது, ஆயுதம் ஏதாவது கையாண்டதுண்டா என்று மொழிபெயர்ப்பாளர் மூலமாகக் கேட்டார்கள். "துவக்கைத் தொட்டதேயில்லை" என்று சத்தியம் செய்து சொன்னேன். உண்மை. அந்த ஒரு வரியின் மேல்தான் என் குடியுரிமை, அதன் பிறகு என் மனைவி வந்த விசா, வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் வாங்கிய வீடு, இங்கே பிறந்த மகள் எல்லாம் அடுக்கடுக்காக நிற்கின்றன. இப்போது ஊரே சேர்ந்து அந்த வரியைப் பிடித்து ஆட்டுகிறது. பொய் சொல்லி உள்ளே வந்தவர் என்று யாரோ ஒருவர் எழுதிப் போட்டால் போதும்.

இதில் என் நிலைமையை இன்னும் மோசமாக்குவது, துவக்கு ஒன்று உண்மையிலேயே என் வீட்டு பேஸ்மென்றில், அந்த நிலக்கீழ் அறையில், இருப்பது.

2

நான் இடக்கைக்காரன். பாடசாலையில் என் இடக்கையை அடிமட்டத்தால் அடித்துத் திருத்தினார்கள். எழுதுவது, சாப்பிடுவது, கோயிலில் திருநீறு வாங்குவது, காசு கொடுப்பது எல்லாம் வலக்கைக்கு மாறின. கல்லெறிவது, சுத்தியல் பிடிப்பது, நுளம்பு அடிப்பது மட்டும் இடக்கையில் தங்கின. அதாவது ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் வலக்கைக்காரன். பார்க்காதபோது இடக்கைக்காரன். இப்படி இரண்டு பேராக வாழ்ந்து பழகியவனுக்குக் கனடா ஒன்றும் புதிதாக இருக்கவில்லை.

நான் வேலை செய்யும் பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் டேவ் என்றொரு மெக்கானிக் இருக்கிறான். நெஞ்சுவரை தாடி. ஒவ்வொரு குளிர்காலமும் தான் சுட்ட மானில் சொசேஜ் செய்து கொண்டுவருவான். நான் அதை வாங்கி, என் மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்து அதன் மேல் கொட்டிச் சாப்பிடுவேன். அவன் கண்ணை மூடிக்கொள்வான். எங்கள் நட்பு இந்த அளவில்தான் இருந்தது.

ஒருநாள் நான் திருகாணி முடுக்குவதைப் பார்த்துவிட்டு, "நீ இடக்கையா?" என்று கேட்டான். திருடிப் பிடிபட்டவன் மாதிரி முடுக்கியை வலக்கைக்கு மாற்றினேன். அவன் அதைக் கவனிக்கவில்லை. தனக்குத் தெரிந்த துவக்குக் கடையில் பழைய இடக்கைத் துவக்கு ஒன்று இரண்டு குளிர்காலமாக விலைப்படாமல் நிற்பதாகச் சொன்னான்.

அப்படியொன்று உலகத்தில் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். இந்த வகைத் துவக்கில் ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் போல்ற் என்கிற கைபிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே மடக்கவேண்டும். அப்போதுதான் வெற்றுக் கோது வெளியே பாய்ந்து அடுத்த ரவை உள்ளே போகும். கைபிடி வலப்பக்கம் இருக்கும். இடக்கைக்காரன் சுட்டால், தோளில் இருப்பதை இறக்கி, தலைக்கு மேலால் கையை வளைத்து, பரதநாட்டியம் ஆடவேண்டும். அதற்காகச் சில கொம்பனிகள் எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடப்பக்கம் திருப்பிச் செய்திருக்கின்றன. செய்ததே கொஞ்சம். அதில் மலிவானது இன்னும் கொஞ்சம்.

"பழசு, மலிவு, இடக்கை" என்றான் டேவ். "இந்த மூன்றையும் சேர்த்து விரும்பக்கூடியவன் நீ ஒருவன்தான்."

பீற்றர்பரோ போகிற வழியில் அந்தக் கடை. சும்மா பார்க்கத்தான் போனேன். மரப்பிடி ஏதோ விலை குறைந்த மரம். தேக்குப்போலத் தெரியட்டும் என்று கடும் சாயம் பூசியிருந்தார்கள். சாயம் உரிந்த இடங்களில் அசல் வெளிறித் தெரிந்தது. குழலின் அடியில் தண்ணீர்க் குழாயை இணைக்கிற மாதிரி ஒரு அவலட்சணமான வளையம். போல்ற்றை இழுத்தால் மணலில் கால் தேய்க்கிற சத்தம். மேலே இருந்த, குறிபார்க்கிற ஸ்கோப்பின் ஓரத்தில் நிரந்தரமாகப் பனி.

தோளில் வைத்தேன். இடக்கை தானாகப் போய்க் கைபிடியைப் பிடித்தது. தூக்கியது, இழுத்தது, தள்ளியது, மடக்கியது. நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஐம்பத்து மூன்று வயதில் முதல் தடவையாக ஒரு பொருள் என் கைக்கென்று செய்யப்பட்டிருந்தது. கத்தரிக்கோல் இல்லை. மீன் ரின் திறக்கிற வெட்டி இல்லை. பாடசாலை மேசை இல்லை. போயும் போயும் துவக்கு!

"லைசென்ஸ் இல்லை" என்றேன் கடைக்காரரிடம்.

"எடுத்துக்கொண்டு ஆறுதலாக வா" என்றார் அவர். "இதை யாரும் தூக்கிக்கொண்டு போகப்போவதில்லை."

3

லைசென்ஸுக்கு வகுப்பு, சோதனை, விண்ணப்பம் எல்லாம் உண்டு. விண்ணப்பத்தில் மனைவியின் கையெழுத்தும் வேண்டும். வதனி அப்போது மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள். நான் சரியான நேரம் பார்க்கவில்லை. கையில் கத்தி இருந்தது.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கென்ன விசரோ? துவக்குக்குப் பயந்து ஓடிவந்தனீங்கள். ஓடிவந்த இடத்தில துவக்கு வாங்கப் போறியளோ?"

"இது மான் சுடுற துவக்கு."

"துவக்குக்குத் தெரியுமோ ஆர் மான், ஆர் மனுசன் எண்டு?"

"சட்டப்படி எல்லாம் பழக்கித்தான் தாறாங்கள், வதனி."

"மான் சுடுறது எப்ப? நவம்பரிலயோ? நான் கந்தசஷ்டிக்கு மிளகும் தண்ணியுமாக் கிடக்க, நீங்கள் மான் சுடப் போறியள். வள்ளியைப் பெத்தது மான். தெரியும்தானே?"

"வள்ளியைத் தேடி முருகனே வேடனாத்தானே வந்தவர்."

"அவர் வந்து வள்ளியைக் கூட்டிக்கொண்டு போனவர். நீங்கள் போய் என்னத்தைக் கூட்டிக்கொண்டு வரப்போறியள்? கட்டிப் பார்த்தனான் ஒரு முருகனை!"

ஒரு கிழமை கதைக்காமல் இருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். நிபந்தனைகள் இருந்தன: துவக்கு பேஸ்மென்றில் இரும்புப் பெட்டிக்குள் பூட்டி இருக்கவேண்டும். சாமிப்படம் இருக்கிற பக்கம் குழல் திரும்பக்கூடாது. விரதம் முடியும்வரை இறைச்சி வீட்டுப் படி ஏறக்கூடாது. பிறகு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, இவரிடம் துவக்கு இருப்பதில் உங்களுக்குப் பயம் ஏதும் உண்டா என்று வதனியிடம் கேட்டாள். "இவருக்குக் கரப்பான்பூச்சிக்கே பயம். துவக்கு என்ன செய்யும் எண்டுதான் எனக்குக் கவலை" என்று வதனி ஆங்கிலத்தில் சொன்னதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன். லைசென்ஸ் கிடைத்ததற்கு அந்த வாக்குமூலம்தான் காரணம் என்று நம்புகிறேன்.

ஆனால் தபாலில் அட்டை வரும்வரை நான் தூங்கவில்லை. என் கற்பனையில் ஒட்டாவாவில் பக்கத்துப் பக்கத்து அறையில் இரண்டு உத்தியோகத்தர்கள் இருந்தார்கள். ஒருவர் மேசையில் என் அகதிக் கோப்பு: துவக்கைத் தொட்டதேயில்லை. மற்றவர் மேசையில் என் விண்ணப்பம்: துவக்கு வேண்டும். இருவரும் தேநீர் வேளையில் சந்தித்தால் நான் முடிந்தேன். கடவுள் புண்ணியத்தில் அரசாங்கத்தில் பக்கத்து அறைக்காரர்கள் ஒருவரோடொருவர் கதைப்பதில்லை.

4

இந்த நவம்பரின் தொடக்கத்தில் டேவ் என்னை வேட்டைக்குக் கூட்டிப்போனான். கண் கூசும் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு மேலங்கி, அதே நிறத்தில் தொப்பி. காட்டில் மற்றவர்கள் நம்மை மானென்று நினைக்காமல் இருக்க அது சட்டம். வதனி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வீதி திருத்தப் போறவை மாதிரி இருக்கு" என்று கதவைச் சாத்தினாள்.

வழியில் வனவிலங்கு அதிகாரி ஒருவர் கையைக் காட்டி வாகனத்தை நிறுத்தினார். டேவ் கண்ணாடியை இறக்கி, முழங்கையை வெளியே போட்டு, காலநிலை பற்றிக் கதைக்கத் தொடங்கினான். நான் என்ன செய்தேன் என்பதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் நானே உணர்ந்தேன். கதவைத் திறந்து இறங்கியிருக்கிறேன். ஊர்ச் சோதனைச்சாவடியில் பழகியபடி அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருக்கிறேன். வீதியோரமாக நடந்துபோய், வாகனத்துக்கு முன்னால், அந்தக் காட்டுப் பாதையில், தன்னந்தனியாக ஒரு வரிசையில் நின்றிருக்கிறேன். வரிசையில் முதல் ஆளும் நான், கடைசி ஆளும் நான்.

அதிகாரி டேவைப் பார்த்தார். டேவ் தோளைக் குலுக்கினான். அதிகாரி மெதுவாக நடந்து வந்து, "எல்லாம் சரிதானே சேர்?" என்று கேட்டார். நான் பிறந்த ஊர், தகப்பன் பெயர், தாய் பெயர், இங்கே வந்த காரணம் எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மான் லைசென்ஸ் மட்டும் காட்டினால் போதும்" என்றார்.

டேவ் என்னை ஒரு மரத்தடியில் இருத்திவிட்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் போனான். குளிர். சத்தமில்லை. காட்டில் தனியே துவக்கோடு இருக்கிற என்னைப் பார்த்து எனக்கே பயம் வந்தது. யாராவது வந்து யார் நீ என்று கேட்டால் என்ன சொல்வது என்று ஆங்கிலத்தில் வசனம் அமைத்துக்கொண்டிருந்தபோது மான் வந்தது.

ஆண் மான். நல்ல கொம்பு. என் முன்னால் நின்று பக்கவாட்டைக் காட்டியது. வகுப்பில் படத்தில் காட்டியமாதிரியே நின்றது. துவக்கைத் தோளில் வைத்தேன். பாதுகாப்புப் பூட்டைத் தள்ளினேன். நெஞ்சு அடிக்கிற அடியில் ஸ்கோப்புக்குள் மான் துள்ளியது. பிறகு என் இடக்கை வேலையைத் தொடங்கியது. தூக்கு, இழு, தள்ளு, மடக்கு. வெடிக்காத ரவை ஒன்று பளபளவென்று பாய்ந்து இலைகளுக்குள் விழுந்தது. மறுபடி தூக்கு, இழு, தள்ளு, மடக்கு. இன்னொன்று. துவக்கிலிருந்த அத்தனையையும் அப்படியே வெளியே எறிந்து முடித்துவிட்டு, கடைசியில்தான் விசையை இழுத்தேன்.

டிக்.

மான் என்னை அனுதாபத்தோடு பார்த்துவிட்டு நடந்து போனது. ஓடக்கூட இல்லை.

முதல் தடவை மானைக் கண்டவர்களுக்கு இப்படி நடப்பதுண்டு, வேட்டைக்காரர்கள் இதைக் காய்ச்சல் என்று சொல்வார்கள் என்று பிறகு அறிந்தேன். அன்று எனக்குத் தெரியாது. முழங்காலில் விழுந்து ரவைகளைத் தேடிப் பொறுக்கி, துடைத்து, திரும்பப் போட்டு, டேவ் வந்து கேட்டபோது, "ஒன்றும் வரவில்லை" என்றேன். வதனிக்கும் அதையே சொன்னேன்.

மாலையில் டேவ் ஒரு மானைச் சுட்டான். "துவக்கோடு பக்கத்தில் நில், படம் எடுப்பம்" என்றான். நின்றேன். அவமானத்தில் முகம் இறுகியிருந்தது. படத்தில் அது வீரமாக விழுந்துவிட்டது.

5

படத்தை மகள் ஷாமினிக்கு அனுப்பினேன். அவள் பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள். என் குறுஞ்செய்திகளுக்குக் கட்டைவிரல் படம் மட்டும் போடுவாள். இதற்கு ஏழெட்டுச் சிரிப்பு முகங்கள் போட்டாள். அந்த மகிழ்ச்சியில் நான் இருந்தபோது, அவள் அதை ஒன்றுவிட்ட சகோதரர்களுக்கு அனுப்ப, அவர்கள் தாய்மாருக்கு அனுப்ப, விடிவதற்குள் படம் எங்கள் ஊர்க்காரரின் தொலைபேசிக் குழுவுக்குள் போய்விட்டது.

யாரோ ஒரு கெட்டிக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். கைபிடி இடப்பக்கம்! எங்கள் ஆட்களில் எவரும் இடக்கைத் துவக்கைக் கண்டதில்லை. ஆகவே அது இந்த மனிதருக்கென்று தனியாகச் செய்வித்தது. தனியாகச் செய்விக்கிற அளவுக்கு ஆள் யார்? அங்கே இயக்கத்தில் இடக்கைக்காரர் ஒருவர் இருந்தார் என்று இன்னொருவருக்கு ஞாபகம் வந்தது. முகத்தைப் பாருங்கோ, சிரிப்பே இல்லை என்றார் மூன்றாமவர். கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். விடை நான்.

மைத்துனன் சிவா வந்தான். காரை ஒழுங்காக நிறுத்தினான். அதிலேயே விஷயம் பெரிதென்று எனக்கு விளங்கியது.

"அத்தான், எனக்குக்கூட நீங்கள் சொல்லேல்லை."

"என்னத்தையடா?"

"சரி சரி. நான் ஒண்டும் கேக்கேல்லை."

"டேய், நான் ஒண்டிலையும் இருக்கேல்லை."

"ஓம் ஓம். அப்பிடித்தானே சொல்லவேணும்."

"நான் பங்கருக்குள்ள ஒளிச்சிருந்த ஆளடா!"

"பங்கருக்குள்ளயோ?" அவன் குரலைத் தாழ்த்தினான். "எந்த இடத்துப் பங்கர், அத்தான்?"

மறுக்க மறுக்க அது உறுதியானது. பகிடி சொன்னால், பெரிய ஆட்கள் இப்படித்தான் பகிடியாலே மறைப்பார்கள் என்றார்கள். பேசாமல் இருந்தால் அடக்கம் என்றார்கள். இரவில் படுக்கையில் கிடந்து, எங்கள் தெருவில் நிற்கிற வெள்ளை வான் எதற்காக நிற்கிறது என்று யோசித்தேன். அது குழாய் திருத்துகிறவருடையது. வருடக்கணக்காக அங்கேதான் நிற்கிறது.

அதே நேரத்தில் இன்னொன்றும் நடந்தது. எதிர்வீட்டு ஆள் என் நடைபாதைப் பனியையும் சேர்த்து வழித்தார். கோயிலில் முன்வரிசையில் இடம் விட்டார்கள். ஐம்பத்து மூன்று வயதுவரை பகிடிக்காரன் என்று பெயரெடுத்தவனைப் பார்த்ததும் நாலு பேர் பேச்சை நிறுத்தினால், அது உடம்புக்குள் எங்கேயோ இதமாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன். மறுப்பதை நிறுத்தவில்லை, மெதுவாக மறுக்கத் தொடங்கினேன்.

"அப்பா, ஜஸ்ற் ரெல் தெம் இற்ஸ் நொட் ட்ரூ" என்றாள் ஷாமினி.

"சொல்லிக்கொண்டுதானே இருக்கிறன் பிள்ளை."

"நோ. யூ ஸ்மைல் வென் யூ சே இற்."

பிள்ளைகள் நம்மைவிட்டு விலகிப் போகிறார்கள் என்று கவலைப்படுகிறோம். தூரத்தில் நின்றால் நன்றாகத் தெரியும் போலிருக்கிறது.

6

கொத்துரொட்டிக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், வாசல் மணி அடித்தது. பொலிஸ் என்று நினைத்துக் குளியலறைக்குள் போய்விட்டேன். வதனி வந்து கதவைத் தட்டினாள்.

"வெளியால வாங்கோ. ஒரு அன்ரி வந்திருக்கிறா. மல்வேர்னில இருந்து ரெண்டு பஸ் மாறி வந்தவவாம்."

எழுபது வயதிருக்கும். குளிர் அங்கியைக் கழற்றாமல் கதிரை நுனியில் இருந்தார். மனோன்மணி என்று பெயர் சொன்னார். கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தார். பாடசாலைக் கழுத்துப்பட்டியோடு ஒரு பையன்; காது கொஞ்சம் முன்னுக்குத் தள்ளியிருந்தது.

"இவன் என்ர மகன், நிரூபன். முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு, அப்ப நடந்த பெரிய சண்டைக்கு முதல் ஒருக்கா ஃபோனில கதைச்சவன். எங்களுக்குப் பொறுப்பா ஒரு இடக்கை அண்ணை இருக்கிறார், அவர் எங்களை நல்லாப் பார்க்கிறார், நீங்கள் பயப்பிடாதேங்கோ எண்டவன். அதுக்குப் பிறகு அவன்ர குரல் இல்லை." என் முகத்தைப் பார்த்தார். "உங்கட படத்தைக் காட்டினவை. உங்களுக்கு இவனைத் தெரியுமோ தம்பி?"

இந்த முறை எனக்குச் சிரிப்பும் வரவில்லை.

"அன்ரி, நான் அவரில்லை. நான் ஒண்டிலையும் இருந்தவனில்லை."

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். "தெரியும் தம்பி. நீங்கள் அப்பிடித்தான் சொல்லுவியள். இந்த நாட்டில அது பயம்தான். நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். இருக்கிறான், இல்லை. ரெண்டில ஒண்டைச் சொல்லுங்கோ. வேற ஒண்டும் கேக்கமாட்டன்."

இத்தனை நாளும் என்னை நம்பாமல் போனவர்களையெல்லாம் சிரித்து அனுப்பியிருக்கிறேன். இவரை அனுப்ப முடியாது. நான் ஒன்றுமில்லாதவன் என்பதை இந்த அம்மாவுக்கு எப்படி நிரூபிப்பது? விசாரணை அறையில்கூட எனக்கு இவ்வளவு கஷ்டம் இருக்கவில்லை.

மான் கதையைச் சொன்னேன். ஒரு சொல் விடாமல். வரிசையில் தனியே நின்றதையும், ரவைகளை ஒவ்வொன்றாக வெளியே எறிந்ததையும், மான் நடந்து போனதையும், முழங்காலில் நின்று பொறுக்கியதையும், வீட்டுக்கு வந்து பொய் சொன்னதையும். வதனி சமையலறை வாசலில் நின்று முதல் தடவையாகக் கேட்டாள். நான் முடித்தபோது அவள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்திருந்தாள்.

அன்ரி சிரிக்கவில்லை. "அந்தத் துவக்கைக் காட்டுங்கோ" என்றார்.

பேஸ்மென்றுக்குக் கூட்டிப்போனேன். படியில் வதனி அவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். பெட்டியைத் திறந்து, துவக்கு வெறுமையாக இருப்பதைப் பார்த்து, போல்ற்றைக் கழற்றி வைத்துவிட்டுக் காட்டினேன். அவர் தொடவில்லை. கைபிடி போகிற பக்கத்தையும், கோது வெளியே பாய்கிற பக்கத்தையும் கேட்டார். இடப்பக்கம் என்று காட்டினேன்.

"அங்க இதெல்லாம் எங்கால தம்பி? எல்லாம் வலக்கைக்காரற்ற துவக்குத்தானே. அந்த அண்ணை இடக்கையால சுடேக்க, சூட்டுக் கோது வலப்பக்கத்தால பாய்ஞ்சு அவற்ற வலக்கையில விழுமாம். கை முழுக்கப் பொட்டுப் பொட்டாச் சூட்டுக் காயமாம். அம்மாள் நோய் வந்த கை மாதிரி எண்டு அவன் சொல்லிச் சிரிச்சவன்."

பிறகு, "உங்கட வலக்கையைத் தாங்கோ" என்றார்.

கொடுத்தேன். அவர் என் சட்டைக் கையை மடித்தார். ஒவ்வொரு மடிப்பாக, அவசரமில்லாமல், முழங்கை தாண்டும்வரை மடித்தார். பேஸ்மென்ற் விளக்கின் கீழே என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவினார். மணிக்கட்டுக்கு மேலே ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இது?"

"எண்ணெய் தெறிச்சது, அன்ரி. வடை."

அவர் வதனியைப் பார்த்தார்.

"ஓம் அன்ரி, வடைதான்" என்றாள் வதனி. "போன தைப்பொங்கலுக்கு. சின்னக் கொப்பளம். மூண்டு நாள் வேலைக்குப் போகேல்லை."

அன்ரியின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்தபடியே என் சட்டைக் கையை இறக்கி, மணிக்கட்டில் பொத்தானையும் பூட்டிவிட்டார்.

"சரி தம்பி. நீங்கள் இல்லை."

அவர் முகம் விழுந்துபோகும் என்று பயந்தேன். விழவில்லை. அங்கியை இப்போதுதான் கழற்றி வதனியிடம் கொடுத்தார். அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"நல்லது" என்றார். "வரேக்க பஸ்ஸில எனக்குக் கை கால் ஓடேல்லை. நீங்கள் அவராயிருந்து, எனக்கு இவனைத் தெரியாது எண்டு சொல்லியிருந்தால், நான் இனி எங்க போய் ஆரைக் கேக்கிறது? இண்டைக்கே முடிஞ்சிருக்கும். இப்ப அவர் எங்கயோ இருக்கிறார்தானே."

வதனி தேத்தண்ணி வைக்க மேலே போனாள். தேவைக்கு மேல் நேரம் எடுத்தாள்.

7

அவரை மல்வேர்னுக்குக் காரில் கொண்டுபோய் விட்டேன். வழியில் கேட்டார்:

"நீங்கள் அவரில்லை எண்டு நான் ஆக்களுக்குச் சொல்லட்டோ தம்பி? நான் சொன்னால் நம்புவினம்."

"சொல்லுங்கோ அன்ரி. எல்லாருக்கும் சொல்லுங்கோ."

"ஏன் நம்பிறியள் எண்டு கேட்டால்?"

இரண்டு சிவப்பு விளக்குகள் வரை யோசித்தேன். "நடந்ததை நடந்தபடி சொல்லுங்கோ" என்றேன். இதை நீங்கள் வாசிக்கும்போது ஸ்காபரோவில் சொல்லி முடித்திருப்பார். சிவா நேற்று வந்தவன் பழையபடி என் காரை மறித்து நிறுத்தினான். நேற்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

அவருடைய கட்டிட வாசலில் இறங்கியவர், கதவைச் சாத்தாமல் குனிந்தார்.

"உங்களுக்குக் கனக்க ஆக்களைத் தெரியும். கோயில், கலியாணவீடு எண்டு போறனீங்கள். இடக்கைக்காரர் ஆரையும் கண்டால், வலக்கையை ஒருக்கால் பாருங்கோ."

"பார்க்கிறன் அன்ரி" என்றேன். பிறகு வெளியே பார்த்தேன். பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லோரும் மணிக்கட்டைத் தாண்டி விரல்வரை போர்த்துக்கொண்டு நின்றார்கள். "இப்ப குளிர், அன்ரி. இஞ்ச ஆக்கள் சட்டைக் கையை மடிக்க வைகாசி ஆகும்."

"ஆகட்டும்" என்றார் அவர். "நான் பொறுப்பன்."